தலைகீழ்க் கதவு

குழியை மூட எட்டுத் தள்ளுவண்டி பிடித்தது.
முதலில் சுண்ணாம்பு, அதன்மேல் பெய்ப்சி ஏரி மணல்,
அதற்கும் மேல் வெங்காயப் பாத்தி ஓரத்துக் கருமண்.
வீட்டை விற்ற யெவ்லாம்பி
தார்த்து நகரில் மூன்றாம் மாடிக்குக் குடிபோய்விட்டார்.
அங்கே பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறதாம்.
"இதை இடித்துவிடாதே" என்று மட்டும் சொல்லிப் போனார்,
உயில் எழுதுகிறவரின் முகத்தோடு.

நாலடி அகலம், ஐந்தடி நீளம்.
கதவில் இதய வடிவில் ஓர் ஓட்டை.
உள்ளே இருப்பவருக்குக் காற்று,
வெளியே நிற்பவருக்கு, ஆள் இருக்கிறதா என்ற தகவல்.

பிள்ளைகளிடம் நான் சுற்றிவளைத்துக்கொண்டிருந்தேன்:
முன்பு இது, அதாவது, சாமான் வைக்கிற...
"கக்கூஸ்" என்றான் தாவெத். நான்கு வயது.
"ரெண்டு பேர் உட்காருகிற கக்கூஸ்"
என்று திருத்தினாள் மிர்தெல்.
உண்மைதான்.
பலகையில் பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று.
உறைபனி இரவுகளில்
யார் யாருக்குத் துணை போனார்களோ.

எரித்துவிடு என்றாள் அக்கா, தொலைபேசியில்.
தேக்கு இல்லை, ஓக் இல்லை, வெறும் பைன் மரம்.
ஆனால் அறுபது வருடத் தொடைகள் இழைத்த பைன்,
எந்த இழைப்புளிக்கும் வராத வழவழப்பு.
கொதிநீரில் மூன்று முறை தேய்த்து, வெயிலில் காயவைத்து,
கவிழ்த்துப் போட்டு, துளைகள்மேல் இரண்டு தகரத் தட்டு வைத்தேன்.
அடுப்பு. இரண்டு பர்னர்.
அன்று மாலையே மிர்தெல் கூழாங்கல் வறுத்தாள்.

சுவரெல்லாம் பசை போட்டு ஒட்டிய செய்தித்தாள்,
பாதி ரஷ்ய மொழி, பாதி எங்கள் மொழி.
எல்லா வருடமும் உருளைக்கிழங்கு
இலக்கைத் தாண்டி விளைந்திருக்கிறது.
சுரண்டிக்கொண்டே வந்தவள்
டிராக்டர்மேல் சிரிக்கும் ஒருத்தியிடம் நிறுத்திக்கொண்டேன்.
அவள் இப்போது தாவெத்துக்கு அத்தை.

கதவுதான் சிக்கல்.
அந்த இதயம் என் இதயத்துக்கு நேரே இருந்தது;
தாவெத் எம்பினாலும் எட்டாது.
கீழே இன்னோர் ஓட்டை அறுக்கலாம்.
ரம்பம் இந்த்ரெக்கிடம் இருக்கிறது.
இந்த்ரெக் பின்லாந்தில் இருக்கிறான்.
முதலில் வேலைக்கு, பிறகு
வேலைக்கு மட்டும் இல்லை.

கதவைக் கழற்றினேன். தலைகீழாக மாட்டினேன்.
கீல்கள் ஒரு பாடு முனகி அடங்கின.
கூர் மேலாக, குண்டு கீழாக
இதயம் தாவெத்தின் மூக்குக்கு இறங்கி நின்றது.
வேலிக்கு அப்பால் களை பிடுங்கிக்கொண்டிருந்த உஸ்தீன்யா
நிமிர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு,
"கோயில் குவிமாடமா?" என்றாள்.
"வெங்காயம்" என்றான் அவன்.
இந்தக் கரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.
மறுநாள் ஒரு சடை வெங்காயம் கொண்டுவந்து
உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

தாழ்ப்பாளைப் பிடுங்கிவிடத்தான் நினைத்திருந்தேன்.
குழந்தைகள், பூட்டிக்கொண்டால்?
"தாழ்ப்பாள் இல்லாதது எப்படி வீடு?" என்றாள் மிர்தெல்.
யோசித்துப் பார்த்தால்
என் அறைக்கே ஒன்று இல்லை.
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அப்படியே விட்டேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.
அப்பாவோடு பேசி முடித்த மிர்தெல்
போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
தோட்டத்துக்குப் போனாள்.
தாழ் விழுந்தது.
எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமே இல்லை, ஆனாலும் கேட்டது.
தாவெத் ஓடிப்போய்த் தட்டினான்:
"ஆள் இருக்கா?"
கொஞ்சம் பொறுத்து, உள்ளிருந்து:
"இருக்கு."

நான் புல்லில் உட்கார்ந்தேன். ஈரம் கால்சட்டையில் ஏறியது.
ஏரிக் காற்று அடித்தது.
வெங்காயத்துக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
திற என்று சொல்லவில்லை.
புகைபோட்ட மீனைக் கம்பு ரொட்டியில் வைத்து
ஓட்டை வழியே நீட்டினேன்.
தோள் வெளியே, விரல்கள் உள்ளே,
கை மரத்துப்போகும்வரை.

பிறகு கனம் குறைந்தது.

"உப்பு போதலை" என்றது கதவு.
"அடுப்பு உன் பக்கம்தானே இருக்கு" என்றேன்.
"நீயே போட்டுக்கோ."